சுவரில் ஓடும் எனக்கு, பெட்டிக்குப் பின்னால் நிற்கும் எதிரிகள்

டைட்டன்ஃபால் 2 கேமை இந்த மாதம் மூன்றாவது முறையாக முடித்தேன். மொத்தமே ஆறேழு மணி நேரம்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. 2016-இல் வந்த கேம். இன்றைக்கும் எங்காவது ஒருவர் "நல்ல ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை கேம்) ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டால், கீழே நாலு பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்வேன். ஆனால் அவர்கள் சிலாகிக்கும் இடமும் எனக்குப் பிடித்த இடமும் வேறு. அவர்கள் கண்டுகொள்ளாத குறை ஒன்று ஒவ்வொரு முறையும் எனக்கு உறுத்துகிறது. கதையின் முடிவையும் சொல்லிவிடுவேன். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

2014-இல் வந்த முதல் பாகத்தில் தனியாக உட்கார்ந்து விளையாடக் கதை என்று ஒன்று கிடையாது. எல்லாமே ஆன்லைன் சண்டை. அந்தச் சண்டைகளுக்கு நடுவே திரையின் ஓரத்தில் யாராவது தோன்றிக் கதையைப் பேசிவிட்டுப் போவார்கள். தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது அதை யார் கேட்பது? கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது மைக்கில் வாழ்த்துமடல் வாசிப்பது மாதிரிதான். பிளேஸ்டேஷனுக்கும் அது வரவில்லை. இரண்டாம் பாகத்தில், கேமை உருவாக்கிய ரெஸ்பான் நிறுவனம் இரண்டையும் சரிசெய்தது.

கதை பழைய சரக்குதான். டைஃபான் என்ற கிரகத்தில் நடக்கும் சண்டையில் ஜாக் கூப்பர் ஒரு சாதாரண சிப்பாய். அவனுக்குப் பயிற்சி கொடுத்த பைலட், அதாவது டைட்டனை ஓட்டும் வீரர், இறந்துபோகிறார். அவருடைய டைட்டன், அதாவது உள்ளே ஏறி ஓட்டும் இரண்டு மாடி உயர இயந்திர மனிதன், கூப்பரின் கைக்கு வருகிறது. பெயர் பிடி-7274. சுருக்கமாக பிடி.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த கேமில் ஓடுவதே தனி சுகம். ஓடிப்போய்ச் சுவரில் தாவினால் சுவரோடு ஒட்டி ஓடலாம். தரையில் கிடைக்காத வேகம் அங்கே கிடைக்கும். அங்கிருந்து எதிர்ச் சுவருக்கு ஒரு தாவல், நடு ஆகாயத்தில் இன்னொரு எம்பல், இறங்கும்போது சறுக்கல். சறுக்கினால் சேர்த்த வேகம் சட்டென்று போய்விடாது. பத்து நிமிடம் கை பழகிவிட்டால், வேறு வழியில்லாதபோது மட்டும் கால் வைக்கிற இடமாகத் தரை மாறிவிடும். ஆரம்பத்திலேயே ஒரு பயிற்சிக் களம் வைத்திருக்கிறார்கள். அதில் ஓடி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பார்த்து, ஈசியா ஹார்டா எது உங்களுக்குச் சரிவரும் என்று கேமே பரிந்துரை செய்யும். முதல் தடவை என்னை ஈசிக்கு அனுப்பப் பார்த்தது. ரோஷத்தில் ஹார்டைப் போட்டு அடி வாங்கினேன்.

எல்லோரும் கொண்டாடுவது காலம் மாறும் மிஷனை. இடிந்து கிடக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடம். கையில் ஒரு கருவி. பட்டனை அழுத்தினால் அதே இடம் நன்றாக இருந்த காலத்துக்குப் போய்விடலாம், மறுபடி அழுத்தினால் இன்றைக்குத் திரும்பலாம். அந்தக் காலத்தில் காவலாளிகள் துரத்துவார்கள், இந்தக் காலத்தில் மிருகங்கள் துரத்தும். இங்கே இருக்கும் சுவர் அங்கே இருக்காது. ஆகவே தாவிவிட்டு ஆகாயத்தில் இருக்கும்போதே காலத்தை மாற்றி, புதிதாக முளைத்த சுவரில் கால் பதிக்க வேண்டும். அபாரமான யோசனை, மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே வித்தை காட்டுவது அந்தப் பட்டன்.

என் ஓட்டு அதற்கு முன்னால் வரும் தொழிற்சாலை மிஷனுக்குத்தான். ராட்சத இயந்திரக் கைகள் சுவர்ப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போகின்றன. நாம் ஓடிக்கொண்டிருக்கும் சுவரே நகர்கிறது, சாய்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பலகைகள் எல்லாம் வீடுகளாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன, உள்ளே மேசை நாற்காலி கூட வந்துவிடுகிறது. எதற்கு? யாரும் குடியிருக்க அல்ல. சண்டைப் பயிற்சிக்கு ஒரு போலி ஊர் வேண்டுமாம். இதை யாரும் நிறுத்தி வைத்து நமக்கு விளக்குவதில்லை. ஓடிக்கொண்டே நாமே தெரிந்துகொள்கிறோம். இங்கே எனக்கு எந்த மந்திரப் பட்டனும் இல்லை, என் கால்கள்தான்.

இந்த இரண்டு யோசனைகளையும் தலா ஒரு மிஷனோடு விட்டுவிட்டார்கள். வேறு ஆட்கள் கையில் கிடைத்திருந்தால் அந்தக் காலக் கருவியை வைத்தே இருபது மணி நேரம் இழுத்திருப்பார்கள். கேம் சின்னது என்று குறைப்படுபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். கரும்பைச் சக்கையாகும் வரை பிழியவில்லை.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். எனக்கு இவ்வளவு ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டு, எதிரே யாரை நிறுத்தியிருக்கிறார்கள்? பெரும்பாலும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, அவ்வப்போது தலையை நீட்டும் சிப்பாய்கள். மெதுவாக நடந்து வரும் ரோபோக்கள். இவர்களை வெல்லச் சுவரில் ஓடவே வேண்டாம். நானும் இன்னொரு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சுட்டால் முடிந்தது. என்னுடைய இரண்டாவது ஆட்டத்தில் ஒரு முழு மிஷனை வேண்டுமென்றே இப்படித்தான் விளையாடினேன். கேம் என்னைத் தண்டிக்கவே இல்லை. தாவி ஓடினால் அழகாக இருக்கும், ஆனால் ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி எதிரிகளால் வருவது அபூர்வம். அந்த நெருக்கடி வேண்டுமென்றால், ஆன்லைனில் பலர் மோதும் மல்டிபிளேயருக்குப் போக வேண்டும். அங்கே நம்மைப் போலவே பறக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். (அங்கே எனக்கு நடந்ததைப் பொதுவெளியில் எழுதும் அளவுக்குத் தைரியம் இல்லை.)

வில்லன்களும் அப்படித்தான். பிளிஸ்க் என்பவனின் கீழ் ஒரு கூலிப்படை. ஒவ்வொருவராக வந்து வீராப்பாகப் பேசி, டைட்டனில் ஏறிச் சண்டை போட்டு, செத்துப் போகிறார்கள். கேன், ரிக்டர் எல்லாம் பெயர் பதிவதற்குள் முடிந்துவிடும். வைப்பர் ஒருவன்தான் விதிவிலக்கு. கப்பலுக்குக் கப்பல் தாவும் மிஷனில் அவன் மேலே பறந்துகொண்டே துரத்துவான், அடிவயிறு கலங்கும். கடைசியில் பிளிஸ்க் நம்மோடு மோதாமலே போய்விடுகிறான். போகும்போது தன் படையில் சேர அழைப்பு வேறு. அந்த ஒரு காட்சியில் தெரிந்த ஆளை முன்னாலிருந்தே காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

டைட்டன் சண்டையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கதையில் வெவ்வேறு ஆயுதத் தொகுப்புகளை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம், அது ஜாலி. மல்டிபிளேயரில் முதல் பாகத்தில் டைட்டனுக்கு எந்த ஆயுதம் என்று நாமே தேர்ந்தெடுத்தோம், கவசமும் தானாக மீண்டும் ஏறும். இதில் வெளிவந்தபோது ஆறு டைட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆயுதம், கவசத்துக்கு பேட்டரி தேடி அலைய வேண்டும். பழைய ஆட்கள் பலருக்கு இதில் கோபம். எனக்கு இல்லை. எதிரே வருவது எந்த டைட்டன் என்று தெரிந்தால் என்ன செய்யும் என்றும் தெரிந்துவிடுகிறது.

வெளியீட்டுத் தேதியைப் பற்றிப் புலம்பாமல் இந்த கேமைப் பற்றி எழுத முடியாது போல. அக்டோபர் 28. ஒரு வாரம் முன்னால், இதை வெளியிட்ட அதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் கழித்து கால் ஆஃப் டியூட்டியின் புதிய பாகம். தீபாவளிக்கு இரண்டு பெரிய நட்சத்திரப் படங்களுக்கு நடுவே சின்னப் படத்தை இறக்கிய கதை. பிறகு 2019-இல் இதே உலகத்தை வைத்து அபெக்ஸ் லெஜண்ட்ஸ் வந்து பெரிய வெற்றி பெற்றது. வந்தபோது அதில் டைட்டனில் ஏறவும் முடியவில்லை, சுவரில் ஓடவும் முடியவில்லை.

பிடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. கூப்பர் கிண்டலாகச் சொல்வதையெல்லாம் அது வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். அவ்வப்போது பதிலுக்கு இரண்டு வாக்கியங்கள் திரையில் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எதைச் சொன்னாலும் கதை மாறாது. இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கதையை மாற்றவா நண்பனிடம் பேசுகிறோம்? ஓரிடத்தில் "என்னை நம்பு" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தைத் தாண்டி நம்மைத் தூக்கி எறியும். கடைசியில் மறுபடியும் எறிகிறது, இந்த முறை தான் அழிந்து நம்மைக் காப்பாற்ற.

அக்கா பையன் அந்தக் காட்சியை முடித்துவிட்டு அரை நிமிடம் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. "மாமா, பிடி திரும்ப வருமா?" என்றான். பெயர்கள் ஓடி முடியும் வரை காத்திரு என்றேன். கூப்பரின் ஹெல்மெட்டில் விளக்குகள் மின்னியதைப் பார்த்தபிறகுதான் எழுந்து சாப்பிடப் போனான். வந்ததும் கதையைத் திரும்ப ஆரம்பிப்பான் என்று நினைத்தேன். இல்லை, பயிற்சிக் களத்துக்குப் போய் என் நேரத்தை முறியடிக்க உட்கார்ந்துவிட்டான். பத்தரை மணிக்கு அக்கா போன் செய்யும் வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு நொடி வித்தியாசத்தில் என்னை முந்திவிட்டான், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.