ஆன்டிபயாடிக் இல்லாமலும் பிராய்லர் வளரும்

"தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் கோழி கொத்துக்கொத்தாகச் சாகும், புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்) எல்லாம் வெறும் வியாபாரம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை டென்மார்க் பிராய்லர் பண்ணைகள் 1998-லேயே நிறுத்தின. இறப்பு கூடவில்லை, ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம் சுமார் 16 கிராம்தான் கூடியது. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இதற்குத் தடை. ஆனால் கோழியின் குடலைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கும் சாலினோமைசின் போன்ற மருந்துகள் அங்கே தீவனத்தில் தொடர்ந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கலக்கும் புரோபயாடிக்கோ, கெட்ட கிருமிகளை அடக்கும் கரிம அமிலமோ தனியாக எதையும் சாதிக்காது. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் ஒழுகி, கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூள் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு நனைந்திருந்தால், எதைக் கலந்தாலும் குடல் நோய் வரும். அப்புறம், நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லி மருந்து கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை.