மசோதா எண்ணை மறக்காதீர்கள்

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மாநிலத் தலைநகருக்கே போய் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசுவதைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் எப்போது போவது என்பதைச் சொல்லவில்லையே! டெக்சாஸில் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான், அதுவும் அதிகபட்சம் 140 நாள். கோட்டைவிட்டால் பெரும்பாலும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

யாரைப் பார்க்க முடியும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 பேர், சம்பளம் ஆண்டுக்கு வெறும் 100 டாலர். ஒருவருக்குச் சுமார் 3,500 மக்கள்தான், எளிதில் பிடித்துவிடலாம். கலிபோர்னியாவில் ஒரு மாநில செனட்டருக்கு, அதாவது மேலவை உறுப்பினருக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அங்கே உதவியாளர்தான் கிடைப்பார். சரி, அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மசோதாக்களைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவது பல நேரம் அவர்கள்தான்.

நானும் ஒருமுறை போனேன். ஈரநிலங்களின் அருமையைப் பத்து நிமிடம் உருகி உருகிப் பேசினேன். எதிரே இருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த மசோதா?" என்றார். எண் எனக்கு ஞாபகமில்லை.