வாசம் போனால் விஷம் போய்விடுமா?

பூச்சி மருந்து அடித்த அறையைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கிறோம். அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசம் போனதும் குழந்தையைத் தரையில் இறக்கி விடுகிறோம். மூக்குக்குத் தெரியவில்லை என்றால் ஆபத்து தீர்ந்தது என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படித்துவிடுங்கள்.

1998-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடுக்குமாடி வீடுகளில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துவிட்டு, அதன் பிறகு குழந்தைகளின் பொம்மைகளை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். தெளித்தபோது அந்தப் பொம்மைகள் அறையிலேயே இல்லை. ஆனாலும் இரண்டு வாரம் வரை அவற்றில் மருந்து சேர்ந்துகொண்டே இருந்தது. தரையில் விழுந்த மருந்து மெல்ல மெல்ல ஆவியாகிப் பஞ்சிலும் துணியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தலையணை, பாய், மெத்தை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2000-இல் அந்த நாட்டில் வீட்டு உபயோகத்திலிருந்து அந்த மருந்தை விலக்க முடிவெடுத்தார்கள்.

இப்போது பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைதான் வருகிறது. பழையதைவிட இது மனிதர்களுக்கு நச்சுக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் வெளியில் வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் சிதைத்துவிடும் மருந்து, வீட்டுக்குள் தூசியோடு கலந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கிலும் தங்கிவிடும்.

தவழும் குழந்தையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி அழுத்தி நகரும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏதோ ஒரு துணுக்கைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்து, இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும். அடுத்த நொடி அது வாயில். நாம் கரப்பானுக்கு மருந்து அடிப்பதும் அதே மூலையில்தான். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. அதன் தோலின் பரப்பும் அதிகம். உள்ளே போன நஞ்சை உடைக்கும் நொதிகளோ இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள்.

கொசுவர்த்திச் சுருளுக்கு வருவோம். 2003-இல் வந்த ஆய்வு ஒன்றின்படி, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம். குழந்தை தூங்கும் அறையில் ஒருவர் ஒரு சிகரெட் பற்ற வைத்தால் வீடே சண்டைக்குப் போகும். சுருளை மட்டும் நாமே ஏற்றி, கதவைச் சாத்தி, பக்கத்தில் படுக்க வைக்கிறோம். இயற்கையானது என்று சொல்லி இலை தழையைக் கொளுத்தினாலும் புகை புகைதான். பிளக்கில் மாட்டும் திரவ மருந்தில் புகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் பூச்சிக்கொல்லியைத்தான் காற்றில் கலக்கிறது. மூடிய அறையில் இரவு முழுக்க ஓடவிடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, வீட்டுக்குள் பூச்சிக்கொல்லி புழங்கும் வீடுகளின் குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னது. இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. யாரையும் பயமுறுத்தவும் இதைச் சொல்லவில்லை. ஆனால் தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசிக்க இது போதும்.

இன்னொன்று, கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ். பலகையில் எழுதுகிற சாக்பீஸுக்கும் அதற்கும் பெரியவர்களுக்கே வித்தியாசம் தெரியாது. குழந்தை அதை எடுத்துத் தரையில் கிறுக்கும், கடிக்கும். அதைச் செய்தவர்கள் குழந்தை உள்ள வீட்டை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது. அதேபோல, மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். அது மேல் தட்டில் இருந்தாலும் சரி, பூட்டிய அலமாரியில் இருந்தாலும் சரி. ஒரு நாள் யாராவது வெளியே எடுப்பார்கள்.

பேன் தொல்லைக்குத் தலையில் பூச்சி மருந்தைத் தடவுவது கொடுமை. உச்சந்தலைத் தோல் வழியாக மருந்து உடம்புக்குள் போகும். பேனுக்கென்றே லோஷன் இருக்கிறது, மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையை மோசமாக்கிவிடும்.

சரி, கொசு கடித்தால் டெங்கு வருமே, மலேரியா வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. மருந்தை முதல் வழியாக வைக்காதீர்கள் என்கிறேன். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பூந்தொட்டித் தட்டு, வாளி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு இவற்றை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து. ஏனென்றால் டெங்குக் கொசு கடிப்பது பகலில்தான். கரப்பானுக்கு ராத்திரி பாத்திரத்தைப் போட்டு வைக்காமல் கழுவி, குழாய்க் கசிவை நிறுத்தி, சுவர் விரிசலை அடையுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் அறை முழுக்கத் தெளிக்காமல், குழந்தையின் கை எட்டாத இடுக்கில் ஜெல் வையுங்கள். அடித்தே தீர வேண்டும் என்றால் குழந்தையையும் படுக்கையையும் பொம்மையையும் முதலில் வெளியே அனுப்புங்கள். லேபிளில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னால் உள்ளே விடாதீர்கள். விட்ட பிறகும் குழந்தையின் கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு குழந்தை ஏதாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இதுதான் எல்லோரும் செய்கிற காரியம், பெரும் கேடும் இதுதான். திரவக் கொசு மருந்துகள் பலவற்றில் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் இருக்கிறது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போல ஆகிவிடும். மேலே பட்டிருந்தால் உடையைக் கழற்றி சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விடுங்கள். எச்சில் ஒழுகுதல், வியர்த்துக் கொட்டுதல், கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல், வலிப்பு, இதில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். போகும்போது பாட்டிலையோ பெட்டியையோ கையோடு எடுத்துப் போங்கள். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு, பைரித்ராய்டுக்கு அப்படித் தனி மாற்று மருந்து கிடையாது. எது என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான சிகிச்சையில் இறங்க முடியும். திரவ மருந்தைக் குடித்த குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கும்.