'கொலை' என்று முடிகிற அந்தச் சொல்

போன வருடம் அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தார். நுரையீரல் புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் ஒரு தாளை நீட்டினார். "டி.என்.ஆர். ஃபார்ம், கையெழுத்துப் போடுங்க." அண்ணன் பேனாவை வாங்கவே இல்லை. "அப்பாவைக் கொல்லச் சொல்லி நானே எழுதித் தரணுமா?" என்று அங்கேயே உடைந்து அழுதார்.

அந்தத் தாள் சொன்னது வேறு. இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து மறுபடி ஓடவைக்க முயல வேண்டாம், அவ்வளவுதான். வலி மருந்து, ஆன்டிபயாடிக், ஆக்சிஜன் எதையும் அது நிறுத்தாது. அப்படி அழுத்தும்போது வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சகஜம் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நோய்த்தணிப்புச் சிகிச்சை டாக்டர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேசினார். அப்புறம் அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

'கருணைக் கொலை' என்ற சொல்மேல்தான் எனக்குத் தீராத கோபம். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். இனிப் பலன் தராத வென்டிலேட்டரை எடுப்பது அதுவல்ல. அப்படி எடுப்பதை, பல ஆண்டுகளாகச் சுயநினைவின்றிப் படுத்திருந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில், 2011-லேயே உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு ஏற்றது. 2018-ல், கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. நாம் இரண்டையும் ஒரே சொல்லால்தான் இன்னும் அழைக்கிறோம். 'கொலை' என்று காதில் விழுந்த பிறகு எந்தப் பிள்ளைக்குக் கை வரும்?

கடைசி நேரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை, நினைவு தெளிவாக இருக்கும்போதே நாமே எழுதி வைக்கலாம். லிவிங் வில் என்கிறார்கள். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று போதும். அப்பா வீட்டுப் பத்திரத்தைச் சுத்தமாக எழுதி வைத்திருந்தார். இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அபசகுனமாம்.

'இனிமே செய்ய ஒண்ணுமில்லை, கூட்டிட்டுப் போங்க' என்பார்களே, அதுவும் தப்பு. செய்ய நிறைய இருந்தது. வீட்டில் மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்தோம். கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சித்தி பயந்தார். சரியான அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் குறைக்கும், ஆயுளை அல்ல. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அப்பா முனகாமல் தூங்கினார். உதடு காயாமல் பார்த்துக்கொள்ள நர்ஸ் கற்றுக்கொடுத்தார். கடைசி நான்கு நாளும் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அண்ணன்தான்.