மேடையில் கடாரம், வீட்டில் கணக்கியல்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். "நீதானே அவளைக் கெடுத்தது, நீயே வந்து பேசு." விஷயம் இதுதான். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்திருக்கும் அக்கா மகள் தொல்லியல் படிக்கப் போகிறாளாம். பல் மருத்துவம் இல்லை, சட்டம் இல்லை, கணக்கியல்கூட இல்லை. மண்ணைத் தோண்டுகிற படிப்பு. அத்தானுக்கு அன்று சோறு இறங்கவில்லையாம்.

அக்கா சொன்னதில் பாதி உண்மை. அவள் படிவம் ஒன்றில் இருந்தபோது பட்டர்வொர்த்திலிருந்து காரில் கூட்டிப்போய் மெர்போக் அருங்காட்சியகத்தையும் சுங்கை பத்து அகழாய்வுத் தளத்தையும் காட்டியது நான்தான். கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளை, அதாவது பழங்காலக் கோயில் கட்டுமானங்களை, பார்த்து வாய் பிளப்பாள் என்று நினைத்தேன். பிள்ளை நின்றது கறுப்பு இரும்புக் கசட்டுக்கு முன்னால். "மாமா, இது குப்பைதானே? குப்பைக்கு எதுக்கு இவ்வளவு பாதுகாப்பு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு நானே தேடிப் படித்துக்கொண்டேன். யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் உலகளாவிய தொல்லியல் ஆய்வு மையம் 2009இல் சுங்கை பத்துவில் அகழாய்வைத் தொடங்கியது. செம்பனைக்கு நடுவே இரும்பு உருக்கிய இடங்களும், பழைய ஆற்றங்கரையில் படகுத்துறைகளும், செங்கல் கட்டுமானங்களும் கிடைத்தன. களிமண் உலைக்குள் காற்று ஊதுவதற்குச் சுடுமண் குழாய் வைப்பார்கள். சூட்டில் அதன் முனை உருகிப்போகும், தூக்கி வீசிவிட்டு வேறு குழாய் வைக்க வேண்டும். அந்த உடைந்த குழாயும் கசடும்தான் அவள் கேட்ட குப்பை. அது மலைபோல் குவிந்திருக்கிறது என்றால், உள்ளூர் மண்வெட்டிக்கும் கத்திக்கும் வேண்டியதைவிட எவ்வளவோ அதிகமாக இரும்பு உருகியிருக்கிறது. மிச்சம் கப்பலேறியிருக்கும். கப்பல் வந்தால் துறை வேண்டும், சரக்கை எண்ண ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சோறாக்க இன்னொரு ஆள் வேண்டும். இப்படித்தான் ஓர் இடம் நகரமாகத் தொடங்குகிறது. அங்கே கணிக்கப்பட்ட சில காலங்கள் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குப் போகின்றன. அதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். சண்டை நடக்கட்டும், அதுதான் அந்தத் தொழிலே.

சரி, நம் ஆட்களிடம் வருகிறேன். பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் மேடையேறியதும் ஒருவர் "கடாரம் கொண்டான்" என்று முழங்காமல் இறங்குவதில்லை. நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடாரம் என்ற இந்தக் கெடாவுக்கு ராஜேந்திர சோழனின் படை வந்தது 1025இல். புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பெயரைப் பொறித்த கல்லை ஜேம்ஸ் லோ 1834இல் நம் செபராங் பிறைப் பகுதியில் கண்டெடுத்தார். இப்போது அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தை வைத்து அதை ஐந்தாம் நூற்றாண்டு என்கிறார்கள். அதாவது ராஜேந்திரன் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் கப்பல் போக்குவரத்து இருந்திருக்கிறது. அடிக்க வந்தவன் பெயர் நமக்கு மனப்பாடம். உலையில் வெந்தவன் யார், என்ன மொழி பேசினான், என்ன சாப்பிட்டான் என்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது.

அவள் எனக்கு ஒருவரை அறிமுகப்படுத்தினாள். ராபர்ட் மெக்கார்மிக் ஆடம்ஸ், சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர். உலகின் மிகப் பழைய நகரங்களை ஆராய்ந்தவர். ஆனால் அவர் பேர் வாங்கியது தோண்டி அல்ல, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து. 1950களில் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை ஈராக்கின் வறண்ட சமவெளியில் அலைந்தார். விமானப் படங்களில் பழைய வாய்க்கால் தடங்களைத் தேடுவார், அங்கே போய் மண்மேடுகளில் கிடக்கும் பானை ஓடுகளைப் பொறுக்குவார். எந்த ஓடு எந்தக் காலம் என்று பிரித்து, காலத்துக்கு ஒரு வரைபடம் போடுவார். அப்படி அடுக்கிப் பார்த்ததில் தெரிந்தது இது: கி.மு. 3000ஐ ஒட்டிய காலத்தில் உருக் நகரம் பெருக்கப் பெருக்க, சுற்றியிருந்த சிற்றூர்கள் ஆளில்லாமல் போயின. ஜனமெல்லாம் நகரத்துக்குள் போய்விட்டது. வாய்க்கால்களை நிர்வகிக்கத்தான் அரசே தோன்றியது என்று அதுவரை பலர் எழுதிவந்தார்கள். அவருடைய வரைபடத்திலோ பெரிய வாய்க்கால்கள் நகரங்களுக்குப் பிறகுதான் வருகின்றன. பொறுக்கிய ஓட்டை வைத்து இவ்வளவு சொல்லியிருக்கிறார் மனுஷன். பிற்பாடு அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியனுக்கே தலைவராகப் பத்தாண்டுகள் இருந்தார் என்பதை அத்தானுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஊர் காலியாகி நகரம் நிரம்பிய கதையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கெடாவில் நாங்கள் பிறந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், அப்புறம் அதையும் விற்றார்கள். லயத்து ஜனம் பிறை தொழிற்சாலைகளுக்கும், கோலாலம்பூர்ப் புறம்போக்குகளுக்கும், பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறியது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று கேட் போட்ட வீட்டு மனை. ஒரு சமூகம் எப்படி நகரமாகிறது என்ற கேள்வி நம் வீட்டுப் பிள்ளைக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

2013 டிசம்பரில் பூஜாங்கில் பதினோராம் எண் சண்டி மண்வாரி இயந்திரத்துக்குப் போன செய்தி வெளிவந்தது. வீட்டு மனைக்காகத்தான். எவ்வளவு கொதித்தோம்! வாட்ஸ்அப் குழுவே பற்றி எரிந்தது. 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்திருந்தும் அந்தச் சண்டியைக் காப்பாற்ற முடியவில்லை. கொதித்த நம்மில் எத்தனை பேர் வீட்டில், எந்தச் செங்கல் எங்கே கிடந்தது என்று அளந்து வரைந்துவைக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறது? கொதித்து முடித்ததும் எல்லோரும் அவரவர் பிள்ளையைக் கணக்கியலுக்குத்தான் அனுப்பினோம்.

அக்காவிடம் பொய் சொல்ல மாட்டேன். இது சம்பளம் கொட்டுகிற வேலை இல்லை. அருங்காட்சியகம், மரபுடைமைத் துறை, பல்கலைக்கழகம் என்று கதவுகள் கொஞ்சம்தான். முனைவர் பட்டம் வரை இழுக்கும், பிடிபிடிஎன் கல்விக் கடன் கழுத்தில் தொங்கும். ஒரு மாதம் வெயிலிலும் அட்டைக்கடியிலும் தோண்டினால், கிடைத்ததைக் கழுவி, எண்ணி, எடைபோட்டு, எழுதி முடிக்க ஆண்டுக்கணக்காகும். தங்கம் கிடைக்காது, ராஜா கிடைக்கமாட்டார். எல்லாவற்றையும் விடக் கஷ்டமான ஒன்று, மேடையில் நாம் முழங்குவதற்கு எதிராகவே அவள் கையில் ஏதாவது கிடைக்கலாம். அப்போது "தமிழச்சியாக இருந்துகொண்டு இப்படியா எழுதுவாய்" என்று முதலில் திட்டப் போகிறவர்கள் நாமேதான். அவளுக்குத் தோல் கொஞ்சம் தடிக்க வேண்டும்.

இதையெல்லாம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நேற்று குளுகோரில் அக்கா வீட்டுக்குப் போனேன். பேச விடவில்லை. அவள் பாட்டியை உட்காரவைத்து, பெரிய தாளில் எங்கள் பழைய தோட்டத்தை வரைந்துகொண்டிருந்தாள். லயங்கள், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில். கிணறு கோயிலுக்குப் பின்னால் என்றார் அம்மா. இல்லை, பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றார் அக்கா. அவள் இரண்டு இடத்திலும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தாள். அதே தோட்டத்தில் வளர்ந்த அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, "ரெண்டும் தப்பு" என்று தண்டல் வீட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.