1948 அட்லாண்டா: பாதி உண்மை

"1948-ல் அட்லாண்டா நகரம்தான் அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் கறுப்பினத்தவரைப் போலீசில் சேர்த்தது, அன்றே சமத்துவம் வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டு சரி. மற்றதெல்லாம் தவறு.

நியூயார்க்கில் சாமுவேல் பேட்டில் என்ற கறுப்பினத்தவர் 1911-லேயே போலீஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861-65) பிந்தைய ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸிலும் கறுப்பினப் போலீசார் இருந்தார்கள், பிற்பாடு வெளியேற்றப்பட்டார்கள். ஆகவே 'முதன்முதலாக' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சமத்துவக் கதைக்கு வருவோம். அட்லாண்டாவில் சேர்ந்த எட்டுப் பேருக்கும் காவல் நிலையத்தில் இடம் கிடையாது. பட்லர் தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறைதான் அவர்களுடைய நிலையம். சீருடையை அங்கேதான் மாற்ற வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து வரவோ வீட்டுக்குத் திரும்பவோ கூடாது. ரோந்து கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் மட்டும். கண்ணெதிரே வெள்ளையர் ஒருவர் குற்றம் செய்தாலும் கைது செய்ய அதிகாரம் இல்லை, வெள்ளைக்காரப் போலீசாரை அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் சமத்துவமா? வெள்ளையரைக் கைது செய்யக் கூடாது என்ற தடை 1960-களில்தான் நீங்கியது.

அன்றைய அட்லாண்டா மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்டின் பெருந்தன்மையால் இந்த எட்டுப் பேரும் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்லப்படுவதும் அரைகுறைத் தகவல். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வெள்ளையருக்கு மட்டும் நடந்த உட்கட்சித் தேர்தலை நீதிமன்றம் செல்லாததாக்கிய பிறகு, 1946-ல் அந்நகரின் கறுப்பின அமைப்புகள் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்தன. கறுப்பின வாக்காளர் பட்டியல் 20,000-ஐத் தாண்டியது. அதன் பிறகுதான், கறுப்பினத்தவரைப் போலீசில் சேர்க்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை மேயர் காதில் விழுந்தது.