அரிசிப் பையோடு நின்ற பாட்டிகளும் அறங்காவலரின் அறிவுரையும்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஓர் அறக்கட்டளை பாட்டிகளுக்கு இலவச அரிசி கொடுத்த விழாவைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அங்கே பேசிய பேச்சை எதிர்த்து அதன்கீழ் நான் எழுதிய இரண்டு வரிக்கு விழுந்த வசவுகளையும் பார்த்திருப்பீர்கள். நேற்று இரவு ஒரு பழைய நண்பர், 'அரசாங்கச் சோறு தின்று வளர்ந்தவன் நீ, உன் புத்தி அப்படித்தான் போகும்' என்று தனிச்செய்தி அனுப்பியிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

அந்தப் பாட்டிகளுக்கு அரிசி கொடுத்ததில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொடுத்தார்கள், நல்லது. சிறப்பு விருந்தினரின் கார் வரும்வரை பையைத் தரையில் இறக்கக்கூட விடாமல், 'பேனர் மறைகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் பாட்டி' என்று நிற்கவைத்ததைக்கூட, விழா என்றால் அப்படித்தான் என்று விட்டிருப்பேன். அதன்பிறகு அறங்காவலர் மைக்கைப் பிடித்துப் பேசியதுதான் பொறுக்கவில்லை. அரசு இலவசங்களைக் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டதாம். இந்த வேலையை அவர்களைப் போன்ற அமைப்புகளிடம் ஒப்படைத்தால் பாதிச் செலவில் முடித்துக் காட்டுவார்களாம். ஒரே கைதட்டல். இலவச அரிசியைச் சுமந்து நிற்பவர்களின் முகத்துக்கு நேரே, இலவசம் மனிதரைக் கெடுக்கும் என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். இவர்கள் கொடுத்தால் சேவை, அரசு கொடுத்தால் இலவசம். நல்ல கணக்கு.

அதே பாட்டியை ரேஷன் கடையில் பார்த்திருக்கிறீர்களா? எடை போடும்போது கண்ணை எடுக்க மாட்டார். 'போன மாதமும் பருப்பு இல்லை என்றாய், இந்த மாதமும் இல்லை என்றால் எங்கே போகிறது?' என்று விற்பனையாளரைப் பிடிபிடியென்று பிடிப்பார். வண்டு விழுந்த அரிசியை உள்ளங்கையில் அள்ளி, 'இதை உன் வீட்டில் பொங்குவாயா?' என்று கேட்பார். அந்தக் குரல் மண்டபத்தில் எங்கே போனது? அங்கே வாங்கிய பையில் வண்டு இருந்தால் யாரிடம் கேட்பார்? கேட்டால் அடுத்த வருடம் பட்டியலில் பெயர் இருக்குமா? நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கேட்டு வாங்குவது வேறு, கும்பிட்டு வாங்குவது வேறு.

1997இல் நாடு முழுவதும் ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிக் கோடு கிழிக்க மறுத்தது. 2011இலிருந்து அரிசிக்கு விலையும் இல்லை. ஏழை என்று நிரூபித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. தேவையில்லாதவர்களும் வாங்குகிறார்களே என்பீர்கள். வாங்கட்டும். எல்லாரும் நிற்கிற வரிசையில் நிற்க யாருக்கும் கூச்சம் இருக்காது.

இந்தக் கூச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் சின்ன வகுப்பில் இருந்தேன். அலுமினியத் தட்டைத் தட்டிக்கொண்டே வரிசையில் ஓடுவோம். சாம்பாரில் காய் தேடினால் கிடைக்காது. ஆனால் 'பத்தவில்லை ஆயா' என்று சத்தம் போட முடிந்தது, ஆயாவும் திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார். ஒரு நாள் ஊரின் பெரிய மனிதர் ஒருவர் மகனுடைய பிறந்தநாளைப் பள்ளியில் கொண்டாடினார். லட்டு, கேசரி, வாழை இலை எல்லாம் உண்டு. சாப்பிடும் முன் அந்தப் பையனுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து வாழ்த்துப்பாட்டுப் பாட வேண்டும். சத்தம் போதவில்லை என்று மறுபடி பாடச் சொன்னார்கள். அவனுக்கும் என் வயதுதான். லட்டு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சத்துணவுக்காக யாரும் என்னைப் பாடச் சொன்னதில்லை. என்னை 'அரசாங்கச் சோறு' என்று சொன்ன நண்பரும் அதே வரிசையில் எனக்கு முன்னால் தட்டோடு நின்றவர்தான். இன்று அந்த அறக்கட்டளைக்கு அவர் புரவலர். மறதியும் ஒரு வசதி.

உடனே, 'அப்படியானால் தன்னார்வலர்களே வேண்டாம் என்கிறாயா?' என்று வருவீர்கள். நான் எப்போது சொன்னேன்? 2015 வெள்ளத்தில் சென்னையில் கழுத்தளவுத் தண்ணீரில் படகு தள்ளிய பையன்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே சாலையோரத்தில் மலைமலையாகக் கிடந்த பழைய துணியையும் பார்த்தேன். கிழிந்த பாவாடை, பட்டன் இல்லாத சட்டை, கடற்கரை வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர். தொடக்கூட ஆளில்லாமல் மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன தேவை என்று கேட்காமல், தன்னிடம் மிஞ்சியதை அனுப்பினால் அப்படித்தான் ஆகும். அந்த நேரத்து உதவி அந்த நேரத்துக்கு. வருடம் முழுவதும், ஊர் ஊராக, ஒரு பிள்ளை விடாமல் சோறு போட எந்த அறக்கட்டளையாலும் முடியாது. காமராசர் காலத்து மதிய உணவிலும் ஊர்மக்கள் தந்த நெல்லும் பணமும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவர் அதோடு விட்டுவிடாமல் கஜானாவையும் திறந்தார்.

சமூக அமைப்புகளுக்கு வேலையே இல்லையா? மலையளவு இருக்கிறது. 2001இல் ராஜஸ்தானில் வறட்சி, பட்டினி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலோ தானியம் நிரம்பி வழிந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினர் நினைத்திருந்தால் நாலு இடத்தில் கஞ்சித்தொட்டி திறந்து படம் பிடித்துப் போட்டிருக்கலாம். அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கில்தான், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தரவேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் நாடு முழுவதற்கும் உத்தரவு வந்தது. அதே ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு என்ன செய்தது? அரசுப் பணிகளில் கூலி வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தது. 'நான் அந்தப் பக்கமே போகவில்லையே, என் பெயரில் யார் கூலி வாங்கினார்கள்?' என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். அந்தச் சத்தம் வளர்ந்துதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. இதற்குப் பெயர்தான் சேவை. இதில் பொன்னாடை கிடைக்காது, வழக்குதான் கிடைக்கும்.

'எல்லாம் எங்கள் வரிப்பணம்' என்று எழுதியவர்களுக்கு: அந்தப் பாட்டி வாங்கும் சோப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாதா? உங்கள் நன்கொடைக்கு வருமான வரியில் சலுகை கேட்க நீங்கள் வாங்கும் ரசீது எதற்கு? அந்த வரிச்சலுகையும் பொதுப்பணம்தானே. அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

ரேஷனில் ஊழல் இல்லையா என்றால், இருக்கிறது. அரிசி கடத்தல் செய்தியை நானும் படிக்கிறேன். அதைப் பிடியுங்கள், கூட வருகிறேன்.

என் அத்தையின் முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது. மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு, எண்பது வயது ஆகாதவர்களுக்கு, 2007இலிருந்து அதே 200 ரூபாய்தான். இதைப் பற்றிப் பேச எந்த அறங்காவலருக்கும் மைக் கிடைப்பதில்லை. வங்கிக்குப் போனால் தனி தாசில்தாரைப் பார் என்றார்கள். அங்கே போனால் கிராம நிர்வாக அலுவலரைப் பார் என்றார்கள். அவர், 'உங்களை இறந்தவர் என்று போட்டிருக்கிறதே' என்றார். அத்தை, 'அப்படியானால் எனக்குக் காரியம் செய்தவன் யார் என்று சொல், பார்க்கிறேன்' என்றாராம். சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் அந்த மாதங்களில் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து அரிசிப் பை கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார், கும்பிட்டிருப்பார். பெயர் இறந்தவர் பட்டியலிலேயே கிடந்திருக்கும். எங்கள் ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் இருவர் விடாமல் கூட நடந்து மனு மேல் மனு போட்டு, நின்ற பணத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு எந்த மண்டபத்திலும் நாற்காலி போடவில்லை.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அதே பெண்களோடு போகிறோம். உங்கள் தெருவில் உதவித்தொகை நின்றுபோனவர்கள் இருந்தால் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தக நகல்களோடு காலை ஒன்பது மணிக்கே அழைத்து வாருங்கள். என்னைத் திட்ட நினைப்பவர்களும் வரலாம், மனு எழுத ஆள் குறைவாக இருக்கிறது. பேனர் மட்டும் வேண்டாம்.